தோட்டத் திடலிலிருந்து தொகுப்பு மேசைக்கு

பேராக் மாநிலத்து ரப்பர் தோட்டங்களில் சினிமாவுக்கு இருந்த இடத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் படம் பார்த்தவர்களின் கதையைத்தான் எழுதியிருக்கிறார்கள். சம்பளம் போட்ட வாரத்தில் திடலில் கட்டிய வெள்ளைத் துணி, கடகடவென்று ஓடும் 16 மி.மீ. புரொஜெக்டர், பொழுது சாயும் முன்பே பாய் விரித்து இடம் பிடித்த குடும்பங்கள், மறுநாள் காலை வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களம் வரை தொடர்ந்த எம்.ஜி.ஆர்., சிவாஜி பேச்சு என்று அந்தக் கதை நெஞ்சுக்கு நெருக்கமானது, உண்மையானதும்கூட. ஆனால் அது ஒரு கேள்வியைக் கேட்காமலே விட்டுவிடுகிறது. இத்தனை ஆவலோடு தலைமுறை தலைமுறையாகப் படம் பார்த்த ஒரு சமூகம், தன் தோட்டத்தையும் தன் லயத்தையும் தானே படமெடுக்க ஏன் ஏறத்தாழ 20-ஆம் நூற்றாண்டு முடியும்வரை காத்திருந்தது? ஆர்வம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. திறமை இல்லை என்றும் சொல்ல முடியாது. கோயில் திருவிழா மேடையில் நாடகம் போட்டவர்களும் பாட்டுக் கட்டியவர்களும் ஒவ்வொரு தோட்டத்திலும் இருந்தார்கள். எடுத்ததை உடனே பார்த்து, வெட்டி ஒட்டி, குறை கண்டு, மறுபடி எடுக்கும் வாய்ப்புதான் அவர்களுக்கு இல்லாமலிருந்தது. ஒளிப்பதிவும் படத்தொகுப்பும் அந்தச் சுழற்சிக்குள்தான் கைவரும். பேராக்கின் தமிழ் இளைஞர்களுக்கு அந்தச் சுழற்சியை முதன்முதலாகப் பரவலாகத் திறந்துவிட்டது மாணவர் குறும்படம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இந்தச் சுழற்சி ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குச் சினிமாவின் தொடக்க காலமே சான்று தருகிறது. 1919-இல் மாஸ்கோவில் அரசுத் திரைப்படப் பள்ளி தொடங்கப்பட்டபோது அங்கே மாணவர்கள் இருந்தார்கள், படச்சுருள் இல்லை. உள்நாட்டுப் போரின் பஞ்சத்தில் ஆசிரியர் லெவ் குலெஷோவும் அவருடைய மாணவர்களும் பழைய படங்களை வெட்டி வேறு வரிசையில் ஒட்டிப் பார்த்தார்கள். ஒரே நடிகரின் ஒரே முகபாவத்தை ஒரு கிண்ணம் சூப்புக்குப் பக்கத்தில் வைத்தால் பசியாகவும், சவப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் துயரமாகவும் தெரிகிறது என்று அவர்கள் கண்டது அந்த வகுப்பறையில்தான். புதோவ்கின் போன்ற இயக்குநர்கள் அங்கிருந்து வந்தவர்கள். ஒரு ஷாட்டின் பொருள் அதற்கு முன்னும் பின்னும் வரும் ஷாட்டில் இருக்கிறது என்பதை உணர்ந்தவன்தான் கேமராவை எங்கே வைப்பது என்று சரியாக முடிவு செய்வான். ஆகவே ஒளிப்பதிவுக்கான முதல் பாடம் தொகுப்பு மேசையில் தொடங்குகிறது. அந்த மேசையை எட்ட முடியாதவன் எத்தனை ஆயிரம் படம் பார்த்தாலும் நல்ல ரசிகனாகலாம். கைத்தொழில் தெரிந்தவனாக மாட்டான்.

பேராக்கின் தோட்டங்களுக்குத் திரை வந்த விதத்தைப் பார்த்தால் அந்த மேசை எவ்வளவு தொலைவில் இருந்தது என்று தெரியும். பிரிட்டிஷ் ஆட்சி 1946-இல் கோலாலம்பூரில் மலாயா திரைப்படப் பிரிவை நிறுவியது. இரண்டே ஆண்டில், 1948 ஜூன் 16 அன்று, சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் கொல்லப்பட, நாடு 12 ஆண்டுகள் நீடித்த அவசரகாலத்துக்குள் போனது. தோட்ட மக்களின் மனத்தைத் தன் பக்கம் வைத்திருக்க அரசு கையாண்ட வழிகளில் நடமாடும் படவண்டியும் ஒன்று. புரொஜெக்டரும் ஜெனரேட்டரும் ஒலிபெருக்கியும் ஏற்றிய வண்டிகள் கம்பங்களுக்கும் புதுக்கிராமங்களுக்கும் தோட்டங்களுக்கும் போயின. பிரிவு எடுத்த செய்திப்படங்களும் விளக்கப்படங்களும் மலாய், ஆங்கிலம், சீன மொழிகளில் மட்டுமன்றித் தமிழ் வருணனையோடும் காட்டப்பட்டன. 1963-இல் ‘பிலெம் நெகாரா’ என்று பெயர் மாறிய இந்நிறுவனம் உள்ளூர்க் கலைஞர்கள் பலருக்குப் பயிற்சி அளித்தது. அதை மறுக்க முடியாது. 1956-இல் அது எடுத்த ‘டைம்லெஸ் தெமியார்’, பேராக், கிளந்தான் காடுகளில் வாழும் தெமியார் மக்களைப் பற்றியது. மலாயாவின் காட்டு வெளிச்சத்தில் வேலை செய்யத் தெரிந்த ஒளிப்பதிவு இந்த நாட்டிலேயே உருவாகிக்கொண்டிருந்தது என்பதற்கு அது அடையாளம். ஆனால் அந்தப் பயிற்சி ஓர் அரசு அலுவலகத்தின் சம்பளப் பட்டியலுக்குள் நடந்தது. தோட்டத்துத் தமிழனுக்கு அந்த ஏற்பாட்டில் இரண்டே இடங்கள்: திரைக்கு முன்னால் பார்வையாளன், அல்லது திரையில் சில நொடி வந்துபோகும் பால்மரத் தொழிலாளி.

இன்னொரு வழியும் இருந்தது. சிங்கப்பூரின் ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோவில் ஷா சகோதரர்கள் தயாரித்த மலாய்ப் படங்களுக்கு இந்தியாவிலிருந்து இயக்குநர்களும் தொழில்நுட்பக் கலைஞர்களும் வந்தார்கள். சென்னையில் பிறந்த எல். கிருஷ்ணன் 1950-இல் இயக்கிய ‘பக்தி’ படத்தில்தான் பினாங்கைச் சேர்ந்த பி. ரம்லி முதன்முறையாகக் கதாநாயகனானார். பின்னணிப் பாடகராக 1948-இல் உள்ளே நுழைந்த ரம்லி, ஸ்டூடியோவில் கிடைத்த வேலைகளைச் செய்துகொண்டே தொழிலைக் கற்று, 1955-இல் ‘பெனாரிக் பெச்சா’வைத் தாமே இயக்கினார். குருவின் நிழலில் நின்று கற்கும் இந்த முறையின் ஆற்றலுக்கு அவரைவிடப் பெரிய சான்று வேண்டாம். ஆனால் அதன் எல்லையும் அங்கேயே தெரிகிறது. ஸ்டூடியோ இருக்கும் ஊரில் வாழ்ந்து, அதன் வாசலைத் தாண்டி, பல ஆண்டு காத்திருக்கக்கூடியவனுக்கு மட்டுமே அது திறந்தது. ஜாலான் அம்பாஸ் 1967-இல் மூடப்பட்டது. வந்த இந்தியக் கலைஞர்களும் தொழிலை ஏற்கெனவே கற்றுவந்தவர்கள். எடுத்ததோ மலாய்ச் சந்தைக்கான படங்கள். விடியுமுன் மரத்தடிக்குப் போய்ப் பிற்பகலில் பால் நிறுத்துவிட்டுத் திரும்பும் குடும்பத்தின் பிள்ளைக்கும் அந்த ஸ்டூடியோவுக்கும் இடையே பாதை எதுவும் போடப்படவில்லை.

சொந்தமாகவே முயன்றிருக்கலாமே என்று கேட்டால், கணக்கு விடை சொல்லும். 100 அடி 16 மி.மீ. சுருள் நொடிக்கு 24 சட்டகம் என்ற வேகத்தில் 2 நிமிடம் 46 நொடிதான் ஓடும். 1965-இல் வந்த சூப்பர் 8 சுருள் 50 அடி; அது நொடிக்கு 18 சட்டகத்தில் 3 நிமிடம் 20 நொடி. எடுத்த சுருளை ஆய்வகத்துக்கு அனுப்பிக் கழுவி வாங்கினால்தான் வெளிச்சம் சரியாக விழுந்ததா, முகம் தெளிவாக இருக்கிறதா என்றே தெரியும். தவறு செய்த நாளுக்கும் தவறைக் கண்ட நாளுக்கும் நடுவே வாரங்கள் ஓடிவிடும். அதற்குள் எப்படி எடுத்தோம் என்பதே மறந்துவிடும். நாட்கூலியில் வாழ்ந்த குடும்பத்துக்கு ஒவ்வொரு தவறும் ஒரு சுருள் விலை. தவறு செய்ய வசதி இல்லாத இடத்தில் எந்தக் கைத்தொழிலும் வளராது. தோட்டத் தமிழர்கள் வீணையோ தவிலோ வாங்கியபோது அது ஒருமுறைச் செலவு. பிறகு பயிற்சிக்குக் காசு கேட்காது. படச்சுருள் ஒவ்வொரு பயிற்சிக்கும் காசு கேட்டது. இந்த வேறுபாடுதான், இசையும் நாடகமும் தழைத்த லயங்களில் ஒளிப்பதிவு முளைவிடாததற்கு முதற்காரணம்.

அதே காலத்தில் சென்னையில் அந்தச் செலவை அரசு ஏற்றுக்கொண்டபோது என்ன நடந்தது என்று ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். அங்கு 1940-களிலேயே மத்திய பாலிடெக்னிக்கில் ஒளிப்பதிவும் ஒலிப்பதிவும் பாடமாயின. 1960-களில் அது தனித் திரைப்படக் கல்லூரியாக வளர்ந்தது. சுருளும் கேமராவும் தொகுப்புக் கருவியும் கல்லூரியினுடையவை என்பதால் மாணவன் தவறு செய்து கற்க முடிந்தது. அங்கு படித்த ருத்ரையா 1978-இல் ‘அவள் அப்படித்தான்’ எடுத்தார். பி.சி. ஸ்ரீராம் வெளிச்சத்தைக் குறைத்து முகத்தைப் பேசவைக்கும் ஒளிப்பதிவைத் தமிழ் வணிகப் படத்துக்குள் கொண்டுவந்தார். 1986-இல் ஆபாவாணனும் ஆர். அரவிந்தராஜும் தம் கல்லூரித் தோழர்களைக் கூட்டி ‘ஊமை விழிகள்’ எடுத்தபோது, மாணவர்களின் தொழில்நுட்பத் தேர்ச்சியை நம்பிச் சினிமாஸ்கோப்பில் ஒரு வணிகப் படம் நிற்க முடியும் என்பது ஊரறிய நிரூபணமானது. இவர்கள் ஸ்டூடியோ உதவியாளர்களைவிடப் பிறவியிலேயே கெட்டிக்காரர்கள் என்று கருத ஒரு காரணமும் இல்லை. ஒன்றாகப் படித்து, ஒருவர் படத்துக்கு மற்றவர் கேமரா பிடித்து, ஒருவர் வெட்டியதை மற்றவர் குறை சொல்லி வளர்ந்தவர்கள் என்பதே அவர்களுக்கு இருந்த பலம். திடலில் ஒரே படத்தைப் பார்த்த பேராக் இளைஞனுக்கும் சென்னை இளைஞனுக்கும் நடுவே இருந்த தொலைவு இந்தக் கூட்டுப் பயிற்சியின் தொலைவுதான்.

1980-களில் வீடியோ வந்தபோது இந்தத் தொலைவு குறையும் என்று தோன்றியது, ஓரளவு குறைந்தது. ஈப்போ, தைப்பிங், தெலுக் இந்தான் போன்ற ஊர்களின் படப்பிடிப்பு நிலையங்கள் திருமண வீடியோவுக்கு மாறின. நாடா மலிவானது, எடுத்ததை அன்றிரவே பார்க்கலாம். தாலி கட்டும் நொடி இரண்டாம் முறை வராது என்பதால் அந்த ஒளிப்பதிவாளர்களின் கை உறுதியும் முன்னுணர்வும் வியக்கத்தக்கவை. இவர்களைத் தாழ்த்திப் பேசும் பழக்கம் நியாயமற்றது. ஆயினும் அத்தொழிலின் அமைப்பு தொகுப்பை வளரவிடவில்லை. சடங்கின் வரிசையே படத்தின் வரிசை. வாடிக்கையாளர் எதையும் வெட்டக் கூடாது என்பார். இரண்டு இயந்திரங்களை இணைத்து நாடாவிலிருந்து நாடாவுக்குப் பிரதியெடுக்கும் முறையில், நடுவில் ஒரு ஷாட்டைச் சேர்க்க நினைத்தால் அதற்குப் பின்னால் உள்ள அனைத்தையும் திரும்பப் பதிய வேண்டும். ஒவ்வொரு பிரதியிலும் படம் மங்கும். மாற்றிப் பார்ப்பதற்கு இவ்வளவு தண்டனை இருந்தால் யாரும் மாற்றிப் பார்க்க மாட்டார்கள். கை தேர்ந்தது, எதை விடுவது என்ற முடிவில் பயிற்சி கிடைக்கவில்லை. தொகுப்பு என்பதோ பெரும்பாலும் விடுவதைப் பற்றிய கலை.

திருப்பம் 1990-களின் பிற்பகுதியில் மூன்று வேறு திசைகளிலிருந்து வந்தது. முதலாவது கருவி: 1995-இல் அறிமுகமான மினி டி.வி. (MiniDV) நாடாவில் ஒரு மணி நேரம் பதியலாம். அதை ஏறத்தாழ 13 ஜிகாபைட்டாகக் கணினிக்குள் இறக்கி, படம் மங்காமல் எத்தனை முறை வேண்டுமானாலும் வெட்டி ஒட்டலாம். இரண்டாவது சட்டம்: 1996-இன் தனியார் உயர்கல்விச் சட்டம் நாடெங்கும் தனியார் பல்கலைக்கழகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் வழிவிட்டது, அவற்றில் பல, மல்டிமீடியாவையும் திரைப்படத்தையும் பாடமாக்கின. மூன்றாவது பணம்: 1997-இல் அமைந்த பி.டி.பி.டி.என். கல்விக் கடன், சேமிப்பு இல்லாத குடும்பத்துப் பிள்ளைக்கும் அந்த வகுப்பறை வரை போக வழி செய்தது. கடன் சுமையும் கூடவே வந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. இந்த மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் நான் சொல்லும் மாற்றம் நடந்திருக்காது. மலிவான கேமரா மட்டும் வந்திருந்தால் இன்னும் நல்ல திருமண வீடியோக்கள் கிடைத்திருக்கும். வகுப்பறையில் அது நுழைந்ததால்தான், எடுத்ததைத் தோழர்கள் முன் போட்டுக்காட்டி, ஏன் இந்தக் கோணம், ஏன் இங்கே வெட்டினாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் கட்டாயம் பிறந்தது.

அதன் முதல் பெரிய விளைச்சல் ரப்பர் தோட்டத்தைப் பற்றியதாகவே அமைந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. சைபர்ஜெயாவின் மல்டிமீடியா பல்கலைக்கழகத்தில் படித்த தீபக் குமரன் மேனன், தம் தாயின் நினைவுகளை அடிப்படையாக வைத்து, 1960-களின் தோட்டத்தில் படிக்க ஏங்கும் ஒரு பெண்ணின் கதையை ‘செம்மண் சாலை’யாக டிஜிட்டல் வீடியோவில் எடுத்தார். 2005-இல் பிரான்சின் நான்ட் நகரில் நடக்கும் மூன்று கண்டங்களின் திரைப்பட விழாவில் அது நடுவர் குழுவின் சிறப்புப் பரிசைப் பெற்றது. அதே பல்கலைக்கழகத்திலிருந்து வந்த டான் சுய் முய்யும் லியூ செங் டாட்டும் அடுத்த சில ஆண்டுகளில் பூசானிலும் ராட்டர்டாமிலும் பரிசு வென்றார்கள். இந்தத் தலைமுறையினர் ஒருவர் படத்தில் மற்றவர் வேலை செய்தே வளர்ந்தார்கள். இன்று இயக்கியவர் நாளை இன்னொருவருக்குத் தயாரிப்பு பார்ப்பார் அல்லது நடிப்பார். சென்னைக் கல்லூரி கண்ட அதே கூட்டுப் பயிற்சி இங்கே வேறு மொழிகளில், வேறு கருவியோடு நிகழ்ந்தது. தமிழருக்கு இதில் சிறப்பாகக் கிடைத்தது, தோட்டத்தைப் படவண்டிக்காரனின் கண்ணோ செய்திப்படக்காரனின் கண்ணோ இல்லாமல் வீட்டுக்காரியின் கண்ணால் பார்க்கும் உரிமை.

அந்த உரிமையைத் திறமையாக மாற்றுவது எளிதான வேலையாக இருக்கவில்லை. ரப்பர் தோட்டம் கேமராவுக்கு ஒரு கடினமான ஆசிரியர். பால்வெட்டு விடியலுக்கு முன்பே, தலையில் கட்டிய விளக்கோடு தொடங்கும். அந்த வெளிச்சத்தில் முகமும் கத்தியும் ஒன்றாகத் தெரிய வேண்டும். சூரியன் ஏறியபின் இலைக் கூரையின் ஓட்டைகள் வழியே வெயில் துண்டுதுண்டாக விழும்: கரிய முகத்தில் நிழல், வெள்ளைத் தலைத்துணியில் சுடர், பின்னால் மரவரிசையின் முடிவில் வெளுத்த வானம். சிறிய வீடியோ கேமராவைத் தானியங்கியில் விட்டால் அது வானத்துக்கு ஏற்பத் துளையைச் சுருக்கி, மனிதரைக் கரும்பொம்மையாக்கிவிடும். படச்சுருள் ஆய்வகங்கள் பல பத்தாண்டுகள் வெள்ளைத் தோலின் மாதிரி அட்டையை வைத்தே நிறம் சரிபார்த்தன என்பது இன்று எல்லாரும் ஒப்புக்கொண்ட வரலாறு. ஆகவே கரிய முகத்தை அதன் ஒளியோடு காட்டுவது தொழில்நுட்பக் கேள்வி மட்டுமன்று, மதிப்பின் கேள்வியும்கூட. இலைப்பச்சை தோலின் மேல் படிந்து நிறத்தைக் கெடுக்கும். வெள்ளைச் சமநிலையைக் கையால் அமைக்க வேண்டும். ஆண்டுத் தொடக்கத்தில் மரங்கள் இலையுதிர்த்துவிட்டால் நேற்று எடுத்த காட்சியோடு இன்றைய காட்சி ஒட்டாது. பிற்பகல் மழை வேறு. இவ்வளவையும் புத்தகத்தில் படிக்கலாம். ஒட்டாத இரண்டு ஷாட்டுகளைக் கணினித் திரையில் அடுத்தடுத்து வைத்துப் பார்த்த மாணவனுக்குத்தான் அது உடம்பில் ஏறும்.

பால்வெட்டையே ஒரு பயிற்சியாக எண்ணிப் பாருங்கள். பட்டை சீவும் கத்தி, சாய்வாக இறங்கும் வெட்டு, வழியும் பால், மங்குக் கோப்பை, அடுத்த மரத்துக்கு நகரும் கால், சில மணி நேரம் கழித்துச் சேகரிப்பு, நிறுவை. இதை ஒரே நீண்ட ஷாட்டில் எடுத்தால் வேலையின் பொறுமை தெரியும். பத்து ஷாட்டாக உடைத்தால் திறமை தெரியும். உடைப்பதானால் கை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதை எல்லா ஷாட்டிலும் காப்பாற்ற வேண்டும். செயலின் திசையை ஒட்டிய கற்பனைக் கோட்டைத் தாண்டிக் கேமராவை வைத்தால் பார்ப்பவருக்குத் திசை குழம்பும். விடியலிலிருந்து பத்து மணிக்குத் தாவ ஒரு வெட்டு போதுமா, நடுவில் வெயில் ஏறுவதைக் காட்ட வேண்டுமா? கோப்பை நிரம்பும் நொடியில் வெட்டுவதா, நிரம்பிய பிறகு அவள் நிமிர்வது வரை காத்திருப்பதா? இந்தக் கேள்விகளில் ஒவ்வொன்றும் ஒளிப்பதிவையும் தொகுப்பையும் ஒரே முடிவாக்குகிறது. நிமிரும் ஷாட்டை எடுக்க மறந்தவன் அது இல்லாத வலியைத் தொகுக்கும்போது உணர்வான். அடுத்த முறை நிச்சயம் எடுப்பான். அந்த ‘அடுத்த முறை’யைத்தான் மாணவர் படம் வாங்கித் தருகிறது.

இதற்குள் தோட்டமே கரைந்துகொண்டிருந்தது. தோட்டங்களைச் சிறு துண்டுகளாக விற்ற 1950-களின் துண்டாடலைத் தடுக்க, சுங்கை சிப்புட்டில் பிறந்த அரசியல் தலைவர் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியும், ரப்பர் செம்பனைக்கும் வீட்டுமனைக்கும் வழிவிட்டதை நிறுத்த முடியவில்லை. குடும்பங்கள் ஈப்போவின் ஓரங்களுக்கும் கோலாலம்பூரின் புறம்போக்குகளுக்கும் குறைந்த விலை அடுக்ககங்களுக்கும் பெயர்ந்தன. அந்தப் பெயர்வுக்குப் பிந்தைய சிறுவனின் கதையைச் சொன்ன சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ 2015 இறுதியில் திரையரங்குக்கு வந்தது. மறு ஆண்டு 28-ஆவது மலேசியத் திரைப்பட விழாவில், மலாய்மொழி அல்லாத படங்களைத் தனிப் பிரிவில் ஒதுக்குவது சரியா என்று எழுந்த பெரும் எதிர்ப்புக்குப் பிறகு, அது சிறந்த மலேசியத் திரைப்படமாகத் தேர்வு பெற்றது. வசனத்தின் வலிமை மட்டுமே அந்தப் படத்தை அங்கே கொண்டுசேர்க்கவில்லை. சிறுவனின் கண்மட்டத்தில் நிற்கும் கேமராவும், வன்முறையை முழுதும் காட்டாமல் முகத்தில் வெட்டி நிறுத்தும் அடக்கமும், பல ஆண்டு குறும்பட முயற்சியில் கனிந்தவை. தேர்ந்த தொழில்நுட்பம் ஒரு சிறுபான்மைக் கதைக்குப் பொது மேடையில் நிற்கும் உரிமையைப் பெற்றுத் தந்தது.

இவ்வாதத்துக்கு எதிராகச் சொல்லப்படுபவற்றுள் மூன்றை நேராகச் சந்திக்க வேண்டும். முதலாவது: இன்று ஒவ்வொருவர் கையிலும் கைப்பேசி இருக்கிறது, தொகுப்புச் செயலியும் இலவசம், வகுப்பும் மாணவர் படமும் எதற்கு? கைப்பேசி சுருளின் விலையை ஒழித்தது, அது பெரிய விடுதலை. ஆனால் விலை ஒழிந்ததும் கூடவே ஒழிந்தது முன்யோசனை. எடுப்பதற்குச் செலவில்லாதபோது எல்லாவற்றையும் எடுத்துவிட்டு எதையும் பாராமல் விடுவது எளிது. பார்வையாளர் தரும் விருப்பக்குறி ஒரு மதிப்பீடுதான். ஆனால் மூன்றாம் நிமிடத்தில் தொய்வு ஏன் வந்தது என்று அது சொல்லாது. குறையை நேரில் சொல்லும் ஆசிரியரும், அதைக் கேட்டுத் திருத்தித் திரும்பக் கொண்டுவர ஒரு கெடுவும் இருக்கும்போதுதான் கைப்பேசிப் படம் பயிற்சியாகிறது. கருவி எல்லாருக்கும் கிடைத்துவிட்ட காலத்தில் கூட்டுப் பயிற்சியின் தேவை கூடுகிறதேயன்றிக் குறையவில்லை.

இரண்டாவது: பள்ளியில் கற்காமலே மேதைகள் வந்திருக்கிறார்கள், மாணவர்கள் எடுப்பதோ பெரும்பாலும் கோடம்பாக்கத்தின் நகல். முதல் பாதிக்கு ஈப்போவே நல்ல எடுத்துக்காட்டு. 2004-இல் ‘செப்பெட்’டையும் 2009-இல் ‘டேலன்டைம்’ படத்தையும் இங்கு எடுத்து, இந்த நகரின் தெருக்களையும் பள்ளியையும், அதில் ஒரு தமிழ் மாணவனின் காதலையும் உலகம் பார்க்கச் செய்த யஸ்மின் அஹ்மாட் திரைப்படப் பள்ளியில் உருவானவர் அல்லர், விளம்பரத் துறையிலிருந்து வந்தவர். ஆனால் விளம்பரத் துறை என்பதும் ஒரு கடுமையான பள்ளிதான். ஒவ்வொரு நொடிக்கும் காரணம் கேட்கும், குறுகிய நேரத்தில் ஒரு குடும்பத்தைக் காட்டச் சொல்லும், பிடிக்காவிட்டால் மறுபடி எடுக்கச் சொல்லும். அதே சுழற்சி, வேறு கூரையின் கீழ். அந்தக் கூரை எல்லாருக்கும் கிடைப்பதில்லை என்பதால்தான் வகுப்பறை வேண்டியிருக்கிறது. இரண்டாம் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். ஸ்லோமோஷனில் நடந்துவரும் நாயகனும் அதிரும் பின்னணி இசையும் மாணவர் படங்களில் நிறையவே உண்டு. ஆனால் நகலெடுப்பது கற்றலின் ஒரு படி. மாணவன் அங்கேயே நின்றுவிடுவதுதான் கேடு. படியைத் தாண்டவைக்கும் சிறந்த வழி, நகலில் அடங்காத பொருளைக் கையில் கொடுப்பது. ஈப்போ புந்தோங்கின் கச்சாங் பூத்தே தின்பண்டம் வறுக்கும் கூடத்தையோ, செம்பனையின் கீழே மிச்சமிருக்கும் தோட்டக் கோயிலையோ எடுக்கச் சொன்னால், கோடம்பாக்கத்தின் எந்த ஷாட்டும் உதவாது. மாணவன் தானே பார்த்துத்தான் ஆக வேண்டும்.

மூன்றாவது எதிர்ப்பு மிகவும் நியாயமானது, பெற்றோரிடமிருந்து வருவது. மலேசியத் தமிழ்ப் படத்துக்குச் சந்தை சிறியது. கடன் வாங்கிப் படித்த பிள்ளை எதைக் கொண்டு பிழைப்பான்? இதற்கு இனிப்பான பதில் சொல்வது ஏமாற்று. திரையரங்கப் படங்களை நம்பி எல்லாரும் வாழ முடியாது. ஆனால் ஒளிப்பதிவும் தொகுப்பும் திரையரங்குக்கு மட்டும் உரிய தொழில்கள் அல்ல. 1996-இல் தொடங்கிய அஸ்ட்ரோவின் தமிழ் அலைவரிசைகள், வானொலி நிலையங்களின் காணொளிப் பிரிவுகள், நிறுவனங்கள், மருத்துவமனைகள், கல்வி இணையத்தளங்கள் என்று அசையும் படம் தேவைப்படாத இடம் இன்று அரிது. அங்கெல்லாம் வேலை தருபவர் முதலில் கேட்பது, எடுத்த படத்தைக் காட்டு என்பதையே. சான்றிதழைவிட ஐந்து நிமிடக் குறும்படம் அங்கே அதிகம் பேசும். அந்த வகையில் மாணவர் படம் கனவுக்கான செலவு என்பதைவிட வேலைக்கான சான்று என்று கொள்வதே பொருத்தம்.

இந்த வரலாற்றிலிருந்து இன்றைய பேராக் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் தெளிவானது. நாட்டிலேயே அதிகமான தமிழ்ப்பள்ளிகள், 130-க்கும் மேல், இம்மாநிலத்தில்தான் உள்ளன. தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகமும், ஈப்போவில் ஆசிரியர் பயிற்சிக் கழகமும், கம்பாரில் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. 2003-இல் புசாட் கோமாஸ் அமைப்பு தொடங்கிவைத்த ஃபிரீடம் பிலிம் ஃபெஸ்ட், 2006-இல் தொடங்கிய பி.எம்.டபிள்யூ ஷார்டீஸ் என்று குறும்படத்துக்கு மேடைகளும் வந்துவிட்டன. ஆனால் நம் சங்கங்களும் பள்ளிகளும் குறும்படத்தை இன்னும் போட்டியாகவே நடத்துகின்றன: தலைப்பு, கெடு, பரிசு, படம் பிடித்துக்கொள்ளும் மேடை, அத்தோடு முடிந்தது. போட்டியில் தோற்ற படத்துக்கு ஏன் தோற்றோம் என்று யாரும் சொல்வதில்லை. வென்ற படத்தை யாரும் அடுத்த ஆண்டு மாணவருக்குப் போட்டுக்காட்டுவதில்லை. அதனால் ஒவ்வோர் ஆண்டும் பயணம் முதற்படியிலிருந்தே தொடங்குகிறது.

வேண்டுவது எளிமையானது, செலவும் அதிகமில்லை. முதல் பாடத்தைத் தொகுப்பிலிருந்து தொடங்க வேண்டும்: எல்லா மாணவருக்கும் ஒரே காட்சித்துண்டுகளைக் கொடுத்து, ஒவ்வொருவரும் வேறு விதமாகத் தொகுத்துவரச் செய்யலாம்; குலெஷோவின் மாணவர்கள் பஞ்சத்தில் செய்ததை நாம் வசதியில் செய்யக் கூடாதா? பிறகு வசனமில்லாமல் ஒரு வேலையை மட்டும் காட்டும் மூன்று நிமிடப் படம். அதை எல்லார் முன்னும் போட்டுக் குறை பேசி, கட்டாயமாகத் திரும்ப எடுக்கச் செய்தல். இரண்டாம் வடிவத்துக்கே மதிப்பெண். எடுத்த படங்களையும் வெட்டி விட்ட துண்டுகளையும் பள்ளி நூலகத்தில் பெயர், ஊர், ஆண்டு குறித்துச் சேர்த்து வைத்தல். பால்மரத்தில் கத்தி வைத்த தலைமுறை இன்று எழுபதைத் தாண்டி நிற்கிறது. அவர்களின் கைவேலையையும் பேச்சையும் படமாக்கப் பிற நாட்டுக்காரர் வருவார் என்று காத்திருந்த காலம் முடிந்துவிட்டது; படவண்டியும் ஸ்டூடியோவும் செய்யாததைச் செய்யும் கருவி பேரப்பிள்ளைகளின் கையிலேயே இருக்கிறது. அதைப் பயன்படுத்தும் தேர்ச்சி தானாக வராது. அதைக் கற்பிக்கும் கடமை இப்போது நம் பள்ளிகளுடையது, நம் சங்கங்களுடையது. அந்தக் கடமையைத் தள்ளிப்போட்டால், பார்வையாளராகவே இருந்ததற்கு நம் முன்னோர் சொன்ன காரணங்களில் ஒன்றுகூட நமக்குப் பொருந்தாது.